கோட்டில் உட்காராத புள்ளி

லேபுக்குப் புது மெஷின் வந்தால் நான் செய்கிற முதல் காரியம் அதை நம்பாமல் இருப்பது. கொண்டுவந்து இறக்குகிறவர் ஆயிரம் சொல்வார். சொல்லட்டும், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார். நான் நாற்பது பேருடைய ரத்தத்தை எடுத்து, பழைய சோதனைக் கிட்டில் ஒரு தடவை, புது மெஷினில் ஒரு தடவை அளப்பேன். பிறகு கட்டம் போட்ட தாளில் ஆளுக்கு ஒரு புள்ளி வைப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் நாற்பது புள்ளியும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்துவிடும். கம்ப்யூட்டரே போட்டுத் தருமே என்று கேலி செய்வார்கள். எனக்குக் கையால் வைத்தால்தான் மனசு ஆறும்.

இன்சுலின் அளக்கிற மெஷின் வந்தபோதும் அப்படித்தான். முப்பத்தொன்பது புள்ளி சமர்த்தாக உட்கார்ந்துவிட்டது. நாற்பதாவது மட்டும் எங்கேயோ மூலையில் போய் நின்றது. பழைய கிட் அறுபத்தெட்டு என்றது, புது மெஷின் மூன்று என்றது. ஒரே ட்யூப், ஒரே ரத்தம். என் கைதான் தப்பு செய்திருக்கும் என்று இன்னொரு தடவை போட்டேன். அப்புறமும் இரண்டு தடவை. அறுபத்தெட்டு அறுபத்தெட்டாகவே இருந்தது, மூன்று மூன்றாகவே இருந்தது. ட்யூப் காலியான பிறகுதான் லேபிளைப் பார்த்தேன். என் கீழ் வீட்டுச் சின்னக்கா.

நான் குடியிருப்பது மாடியில். கீழே ரொட்டிக்கடை, அதற்குப் பின்னால் அவர்கள் வீடு. ரொட்டிக்காரர் என்னை ரத்தக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனுஷர். மனசில் என்ன இருந்தாலும் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும், அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. அவர் மனைவியைக் கடைக்கு வருகிறவர்கள் சின்னக்கா என்பார்கள். ரொட்டிக்காரருடைய அக்கா பெரியக்கா. கல்யாணம் காட்சி எதிலும் மாட்டாமல் தம்பியோடு இருந்துவிட்டவர். ஐம்பத்தெட்டு வயதிலும் இருபது கிலோ மாவைத் தனியாளாகப் பிசைந்து போட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்பார். சர்க்கரை வியாதி உண்டு. வயிற்றில் குத்திக்கொள்கிற பேனா ஊசி, கடை ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்கும் ஈஸ்ட்டுக்கும் நடுவில் கிடக்கும்.

நாத்தனார் பெரியக்காவுக்கும் சின்னக்காவுக்கும் ஈஸ்ட் விஷயத்தில் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. அந்த வாரம் முழுக்க மழை. மாவு எழும்பவே மாட்டேன் என்றது.

"குளிருல ஒரு கரண்டி கூடப் போடணும்னு நூறு தடவை சொல்லிட்டேன்."

"கூடப் போட்டா புளிப்பு வாடை வருது அண்ணி. வெந்நீரை ஊத்திப் பிசைஞ்சா போதும்."

"வெந்நீரை ஊத்து. ஊத்தி ஈஸ்ட்டைக் கொன்னுடு. உன் கையில எதுதான் உயிரோட இருக்கும்?"

இதைக் கேட்டுத்தான் தினமும் நான் கண் விழிப்பேன். அலாரம் வைக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

மூன்று மாதமாகச் சின்னக்காவுக்கு விடிந்தும் விடியாததுமாக ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. தட்டு அடுக்கிக்கொண்டே நிற்பாள், பேச்சு குழறும், வேர்த்துக் கொட்டும், கண் எங்கேயோ போகும். ஒரு பன் தின்றால் சரியாகிவிடும். அதனால் தின்றாள். தின்று தின்று எட்டு கிலோ ஏறிவிட்டது. "புருஷன் ரொட்டிக்காரன், வேற எப்படி இருப்பா?" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். நானும்தான் சிரித்தேன், ரத்தத்தோடு இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டுகிறவள். செவ்வாய்க்கிழமை அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது ரத்தச் சர்க்கரை நாற்பத்தொன்று, எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ட்யூப் ரத்தம் எடுத்து வைத்த நர்ஸுக்குக் கோயில் கட்டலாம். அந்த ட்யூபைத்தான் நான் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுக் காலி செய்திருந்தேன்.

தாளை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன். வார்டில் எல்லோரும் அவருக்குப் பயப்படுவார்கள். நான் பயப்படுவதில்லை, அவருக்கு என் புள்ளிகள் பிடிக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இதை எடுத்துப் போட்டுட்டு முப்பத்தொன்பதோட முடிச்சிருக்கலாமே?"

"முடிச்சிருக்கலாம் சார். ராத்திரி தூக்கம் வராது."

சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "பெரும்பாலும் ரெண்டே வழிதாம்மா. இப்ப வர்ற புதுவகை இன்சுலின் ஊசில கம்பெனிக்காரங்க அங்கங்க கொஞ்சம் மாத்தி வெச்சிருக்காங்க. உங்க புது மெஷினுக்கு அது கண்ணுல படாது. பழைய கிட் எல்லாத்தையும் பிடிச்சுக்கும். அப்படின்னா யாரோ இவங்களுக்கு ஊசி போட்டிருக்காங்க, இல்ல இவங்களே போட்டுக்கிட்டாங்க. இன்னொரு வழி, இவங்க உடம்பே இன்சுலினை முழுசா முடிக்காம, அரைகுறையா வெளிய அனுப்புது. அதை நான் புஸ்தகத்துலதான் பார்த்திருக்கேன்."

"எதுன்னு எப்படி சார் தெரியும்?"

"சி-பெப்டைடு பாருங்க. அதே ட்யூப்ல."

"ட்யூப் காலி சார்."

அவர் தாளை மடித்து என்னிடமே நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. சர்க்கரை இறங்கி இருக்கிற நேரத்து ரத்தம்தான் பேசும். இறங்காத நேரத்து ரத்தத்தை வாளி வாளியாக எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. இனி அவளைப் பட்டினி போட்டு, ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டு, மறுபடி சர்க்கரை இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் ரொட்டிக்காரர் மாடிப்படி ஏறி வந்தார்.

"ரத்தக்காரம்மா, டாக்டர் என்னைக் கூப்பிட்டு, வீட்டுல யாருக்காவது இன்சுலின் ஊசி இருக்கான்னு கேட்டாரு. இவளுக்கு மயக்கம் வந்தா எங்க அக்கா ஊசியை எதுக்கு விசாரிக்கணும்?"

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எனக்கு விளக்குவதில் ஒரு கிறுக்கு உண்டு. யாராவது ஏன் என்று கேட்டுவிட்டால் போதும், எதிரில் இருப்பவர் யார், அவர் மனைவி எந்த வார்டில் படுத்திருக்கிறாள் என்பதெல்லாம் மறந்துபோகும். தாளை விரித்தேன். பழைய கிட், புது மெஷின், புதுவகை ஊசி, கண்ணில் படுவது, படாதது என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தால் மனுஷர் முகம் செத்துப்போயிருந்தது.

"எங்க அக்கா பேனா புதுசுதான்," என்றார். "போன வருஷம்தான் மாத்தினாங்க."

"ஐயோ, நான் அதைச் சொல்லல. இன்னொரு வழியும் இருக்குன்னு சொன்னேன் இல்ல?"

"டாக்டர் புஸ்தகத்துலதான் பார்த்திருக்காருன்னும் சொன்னீங்களே."

மறுநாள் காலையில் ஈஸ்ட் சண்டை இல்லை. அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் தானாகக் கலைந்துவிட்டது. கீழே ரொட்டிக்காரர் குரல் மட்டும் கேட்டது, அடங்கின குரல். "ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் எண்ணிப் பார்த்தேன்." பிறகு ஃப்ரிட்ஜ் கதவு அறைகிற சத்தம். ஐந்து நிமிஷத்தில் பெரியக்கா என் வாசலில் நின்றார். கை நிறைய மாவு, அந்த மாவோடு ஐந்து பேனாக்கள்.

"பிடி."

"பெரியக்கா, உள்ள வாங்க."

"முதல்ல பிடிடீ. எண்ணிக்கோ. அஞ்சு இருக்கு. என் தம்பி நேத்தே எண்ணிட்டான், நீயும் எண்ணு. இனிமே இது உன் வீட்டுல இருக்கட்டும். வேளாவேளைக்கு நீயே போட்டு விடு. நீ வர நேரமானா எனக்கு வேண்டாம், செத்தா சாகறேன். என் கையில ஊசியைப் பார்த்தேன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது."

"அவர் அப்படி நினைச்சிருக்க மாட்டாரு."

"ஃப்ரிட்ஜைத் திறந்து எண்ணறவன் வேற என்ன நினைப்பான்? வெண்ணெய் எவ்வளவு இருக்குன்னா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "அவளைத் திட்டுவேன். இல்லேங்கல. அவ மாவு பிசையற லட்சணத்துக்கு நாலு திட்டு திட்டத்தான் செய்வேன். அதுக்காக? பதினாலு வருஷம் ஒரே சட்டில சாப்பிட்டவடீ அவ!"

அன்றைக்கே துணிமணியோடு என் பின் அறைக்கு வந்துவிட்டார். காலையிலும் மாலையிலும் நான்தான் ஊசி போட்டேன். முந்தானையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். வாய் ஓயாத மனுஷி பேசாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. இதில் இன்னொரு அசிங்கமும் உண்டு, சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் நாள் அவர் தூங்கின பிறகு நானும் அந்தப் பேனாக்களை வெளிச்சத்தில் பிடித்து, மருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது, தேதிக்குச் சரியாக வருகிறதா என்று கணக்குப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பார்த்தேன் என்பது பார்த்தேன்தான்.

சின்னக்காவுக்குப் பட்டினி சோதனை வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தது. தண்ணீர் மட்டும்தான். இரண்டு மணிக்கொரு தடவை விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். காலை எட்டு மணிக்கு ஐம்பத்தாறு. சரி, நெருங்கிவிட்டது என்று ஐஸ் டப்பாவோடு தயாராக இருந்தேன். பத்து மணிக்கு நூற்றிருபத்தெட்டு.

வார்டுக்கு ஓடினேன். சின்னக்கா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சர்க்கரைத் தூள். பக்கத்தில் ரொட்டிக்காரர், கையில் காலிக் காகிதப்பை.

"என்ன காரியம் பண்ணினீங்க?"

"கை நடுங்கிச்சும்மா அவளுக்கு. என் பேரைக் கேட்டேன், முழிக்கறா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒரே ஒரு பன்தான்."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் அக்கா," என்றாள் சின்னக்கா. "சொல்லிக்கிட்டே தின்னுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். பதினான்கு மணி நேரம் அவள் கிடந்த பட்டினி ஒரு பன்னோடு போயிற்று. பெரிய டாக்டர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "ரொட்டிக்காரரே, மனைவி சாகக் கிடந்தாக்கூட நீங்க இன்னைக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. பார்த்துக்க நாங்க இருக்கோம். சாயங்காலம் திரும்ப ஆரம்பிப்போம்."

மத்தியானம் கடைக்குப் போனேன். அவர் தனியாக நின்று சாண்ட்விச் ரொட்டிக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஆர்டர் ஆர்டர்தானே. நாலு பக்கமும் சீவி எறிந்த ஓரங்கள் கூடையில் குவிந்திருந்தன. என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்த சி-ன்னு ஏதோ சொன்னாரே டாக்டர். அது என்ன ரத்தக்காரம்மா? அது தெரிஞ்சா மட்டும் என்ன?"

மறுபடி விளக்கமா என்று என் மனசே என்னைக் கேட்டது. ஆனால் கூடையைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை.

"இதோ, நீங்க பண்றதுதான். உடம்பு இன்சுலினை நேரடியாச் செய்யாது. முதல்ல நீளமா ஒரு துண்டு செய்யும். அப்புறம் அதுல கொஞ்சத்தை வெட்டி எடுக்கும். மீதிதான் இன்சுலின். வெட்டின துண்டையும் குப்பையில போடாது, ரெண்டையும் சேர்த்தே ரத்தத்துல விடும். அந்த வெட்டின துண்டுதான் சி-பெப்டைடு."

கத்தி நின்றது. கூடையைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார்.

"அப்போ ஓரம் இருந்தா நம்ம கடையில செஞ்சது. ஓரமே இல்லாம ரொட்டி மட்டும் இருந்தா, வெளியில வாங்கினது."

"ஓரம் இல்ல, நடுத்துண்டு. ஆனா விஷயம் அதேதான். கம்பெனி ஊசில இன்சுலின் மட்டும்தான் இருக்கும். வெட்டின துண்டு வராது."

"நடுத்துண்டு இருந்தா எங்க அக்கா பண்ணல."

"ஆமா."

"இல்லேன்னா?"

நான் கீழே விழுந்திருந்த ஓரத்தைக் கூடையில் எடுத்துப் போட்டேன். அவர் மறுபடி வெட்ட ஆரம்பித்தார். நேராக வெட்டுகிற மனுஷர், அன்றைக்கு எல்லாம் கோணலாகப் போயிற்று. "இத்தனை வருஷமா ஓரத்தைக் காக்காய்க்குப் போட்டுக்கிட்டிருக்கேன்," என்றார்.

சனிக்கிழமை காலை பத்தே முக்கால். மழை விடாமல் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. சின்னக்காவின் நெற்றி வேர்த்திருந்தது. கட்டில் விளிம்பைத் தட்டு மாதிரி பிடித்துக்கொண்டு, "பதினாறு, பதினேழு... அண்ணி, பன் கருகுது, எடுங்க, எடுங்க" என்றாள். விரல் நுனியில் முப்பத்தொன்பது. நர்ஸ் ஒரு கையில் குளுக்கோஸோடு நின்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு நரம்பு கிடைக்கவில்லை. முன்கையைத் தட்டினேன், தேய்த்தேன்.

"அண்ணி," என்று கத்தினாள் அவள்.

"இதோ இருக்கேன்டீ," என்றேன் நான், பெரியக்கா மாதிரியே. அவள் கையைத் தளர்த்தினாள். நரம்பு கிடைத்தது. இந்தத் தடவை மூன்று ட்யூப் எடுத்தேன். "கொடுங்க," என்றதும் நர்ஸ் குளுக்கோஸை ஏற்றினாள். இரண்டு நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, "ஏன் எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கறீங்க?" என்று கேட்டாள். டாக்டர் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

ட்யூப்களை ஐஸில் வைத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன். குளிர்ச் சுழலியில் போட்டுச் சுற்றவிட்டு, மேலே தெளிந்து நின்ற நீரைப் பிரித்தேன். ஒரு பங்கைப் புது மெஷினில் வைத்தேன், ஒரு பங்கைப் பழைய கிட்டுக்கு எடுத்து வைத்தேன். மூன்றாவது ட்யூபைத் தொடவில்லை, என்னை நான் நம்பத் தயாராக இல்லை. மெஷின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் இன்சுலின் வந்தது: மூன்று. அதே மூன்று. அடுத்தது சி-பெப்டைடு. திரையில் எண் வருவதற்குள் நான் கும்பிடாத சாமி இல்லை. பெரியக்காவுக்காக வேண்டினேன். அதே சமயம், பெரியக்கா எப்படிப் போனாலும் அந்தப் புள்ளி ஏன் தள்ளி நின்றது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்கிற வெறியும் இருந்தது. மனுஷப் பிறவிக்கு இதெல்லாம் வெட்கமே இல்லை.

எண் வந்தது. ஊசி போட்டிருந்தால் அடிமட்டத்துக்குப் போயிருக்க வேண்டியது, நிறையவே இருந்தது. நடுத்துண்டு இருந்தது. அவளுடைய சொந்தச் சரக்கு.

மிச்சம் நாலு நாளில் தெரிந்தது. மூன்றாவது ட்யூபை ஐஸ் பெட்டியில் வைத்துப் பெரிய லேபுக்கு அனுப்பியிருந்தோம். வெட்டாத நீளத் துண்டை, அதாவது இன்சுலின் ஆகும் முன்னால் உள்ளதைத் தனியாக அளக்க அங்கேதான் வசதி. இருக்க வேண்டியதைப் போல நாற்பது மடங்கு இருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் கண்ணெதிரே விரிந்தது. புது மெஷின் வெட்டின இடத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் இன்சுலின் என்று ஒத்துக்கொள்ளும். வெட்டாமல் வந்ததை அது கண்டுகொள்ளவே இல்லை. சி-பெப்டைடு சோதனையோ, வெட்டாத துண்டுக்குள்ளே இருந்த நடுத்துண்டையும் சேர்த்து எண்ணிவிட்டது. பழைய கிட்டுக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது. வெட்டினதோ வெட்டாததோ, எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொண்டு அறுபத்தெட்டு என்றது. இரண்டு மெஷினும் பொய் சொல்லவில்லை. ஸ்கேனில், இன்சுலின் செய்கிற கணையத்தின் வால்பக்கம் பட்டாணி அளவில் ஒரு கட்டி தெரிந்தது. அந்தப் பட்டாணிதான் அவசர அவசரமாக வெட்டாத சரக்கை விடிய விடிய வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வெட்டாத சரக்குக்கு வீரியம் குறைவு. ஆனால் நாற்பது மடங்கு வந்து குவிந்தால் ஆளையே சாய்த்துவிடும். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், பயமில்லை என்றார் டாக்டர்.

புதன்கிழமை சாயங்காலம் வார்டில் எல்லோரும் இருந்தோம். சின்னக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். பெரியக்காவை நான்தான் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தேன். என் பையில் அவருடைய மாலை ஊசி இருந்தது. நான் ஒன்று விடாமல் விளக்கினேன். இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் விளக்கினேன். முடித்ததும் ரொட்டிக்காரர் எழுந்து பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான் ஒரு நிமிஷம்கூட அப்படி நினைக்கல. சத்தியமா."

பெரியக்கா கையை உருவிக்கொண்டார். கோபமாக இல்லை, சூடான தட்டிலிருந்து எடுப்பது மாதிரி. என் பக்கம் திரும்பினார்.

"நீ?"

"பேனாவை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன் பெரியக்கா. உங்களுக்குத் தெரியாம."

"தெரியும். தூங்கல நான்."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் கட்டிலைப் பார்த்தார்.

"நீயும் நினைச்சியாடீ?"

ரொட்டிக்காரர் மனைவியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு பெரியக்காவையே பார்த்தாள்.

"நினைச்சேன் அண்ணி. ரெண்டு நாள் நினைச்சேன். நீங்க அன்னைக்கு, உன் கையில எதுதான் உயிரோட இருக்கும்னு கேட்டதையே போட்டு நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

பெரியக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஊசி நேரமாச்சு," என்றார்.

நான் பேனாவை எடுத்து, அளவை வைத்து, எழுந்தேன்.

"நீ வேண்டாம். அவகிட்ட கொடு."

"பெரியக்கா, சின்னக்காவுக்குப் போடத் தெரியாதே."

"சொல்லிக் கொடு. அதுதான் உனக்கு ரொம்பப் பிடிச்ச வேலையாச்சே." முந்தானையை ஒதுக்கிக்கொண்டு ஸ்டூலைக் கட்டில் பக்கம் நகர்த்தினார்.

சின்னக்கா பேனாவை வாங்கினாள். நான் எந்த இடம், எவ்வளவு அழுத்தணும், எத்தனை எண்ணணும் என்று சொன்னேன். அவள் அளவை இரண்டு தடவை பார்த்தாள்.

"பன்னிரண்டுதானே அண்ணி? கூடப் போயிடலையே?"

"நீ பார்த்துப் போடுவ," என்றார் பெரியக்கா. "போடு."